எண்ணும் எழுத்தும் பாடங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

எழுதவும் வாசிக்கவும் கற்பித்தல் மொழியாசிரியரின் கடமை. கணக்குக் கற்பித்தல் கணித ஆசிரியரின் கடமை. ஏனைய ஆசிரியர்கள் தத்தம் பாடப்பொருளைப் போதித்தால் அமையும் என்னும் கருத்து எமது பாடசாலைகளில் ஆழ வேரூன்றியுள்ளது. விஞ்ஞான ஆசிரியர் மாணாக்கனின் வாக்கியப் பிழையைக் கண்டும் காணாது விடுகின்றார். வரலாற்றாசிரியர் அட்டவணையை வாசிக்கக் கற்பிப்பதைத் தமது பணியெனக் கொள்வதில்லை. இப்பிரிவினை இயல்பானதென்றும் என்றும் நிலவி வந்ததென்றும் பலர் கருதுகின்றனர். ஆயின், கல்வி வரலாற்றைச் சமுதாய வரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்குமிடத்து, இப்பிரிவினை குறிப்பிட்டதொரு காலகட்டத்தில், குறிப்பிட்ட நிர்வாக, பொருளாதாரத் தேவைகளினால் உறுதிப்படுத்தப்பட்ட ஒன்றென்பது தெளிவாகும். எண்ணறிவும் எழுத்தறிவும் பாடங்களிலிருந்து பிரிக்கப்பட்ட வரலாற்றையும், அவற்றை மீளவும் இணைப்பதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும், அம்முயற்சிகள் எமக்கு விட்டுச்சென்ற பிரச்சினையையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணைப் பள்ளியில் எண்ணும் எழுத்தும்

எண்ணையும் எழுத்தையும் இணைத்துப் பேசுவது தமிழ் மரபில் வள்ளுவர் காலந்தொட்டே காணப்படுவதாகும். இவ்விணைப்பு வெறும் அணிநயத்துக்காக ஏற்பட்டதன்று. தமிழெண்களின் வரிவடிவங்களிற் பல எழுத்துக்களின் வடிவங்களையே ஒத்தவை. 'க' ஒன்றையும், 'உ' இரண்டையும், 'எ' ஏழையும், 'அ' எட்டையும் குறித்து நின்றன. எனவே மணலில் விரலால் எழுத்தை வரையப் பழகிய பிள்ளை எண்ணை வரையவும் உடன் பழகியது.

திண்ணைப் பள்ளியிற் கற்பிக்கப்பட்ட கணக்கின் தன்மையும் ஈண்டு நோக்கற்பாலது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என அதன் பகுதிகள் அமைந்தன. பொன்னிலக்கத்தில் முந்திரி தொடக்கம் பேரெண்கள் வரை எண்களும் பின்னங்களும் கற்பிக்கப்பட்டன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒரு பங்கு. மா இருபதில் ஒரு பங்கு. மாகாணி பதினாறில் ஒரு பங்கு. நெல்லிலக்கம் முகத்தலளவைகளை வரிசைப்படுத்தியது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என அவ்வரிசை ஏறிச்செல்லும். குழிமாற்று நிலத்தின் பரப்பைக் காண்பதற்குரிய வாய்பாடாகும். நூறு குழி ஒரு மா என்றும், இருபது மா ஒரு வேலி என்றும் நிலவளவு அமைந்தது.

இங்கு எண்ணைக் கற்பது பொருளுலகின் சொற்களைக் கற்பதாகவும் இருந்தது. ஒரு கல நெல்லில் மாகாணிப் பங்கு எவ்வளவு என்ற வினாவுக்கு, கலமொன்றில் தொண்ணூற்றாறு நாழி உண்டென்பதையும் மாகாணி என்ற சொல்லின் பொருளையும் அறிந்த பிள்ளை ஆறு நாழியென மனத்தாலேயே விடைகூறும். சொல்லறிவும் அளவறிவும் அங்கு வெவ்வேறு வேளைகளில், வெவ்வேறு ஆசிரியரிடம் கற்கப்பட்டவை அல்ல.

ஆயினும், இவ்வொருமைப்பாட்டைப் பொற்காலமெனப் போற்றுவது வரலாற்று நோக்குக்கு ஒவ்வாததாகும். இக்கணக்கு யாருடைய தேவைக்காக எழுந்தது என்ற வினாவை நாம் எழுப்புதல் வேண்டும். நிலவரி, வாரப் பங்கு, களஞ்சியம், வட்டி ஆகியவற்றை நிருவகித்தோரின் தேவைகளே அதன் உள்ளடக்கத்தை நிர்ணயித்தன. மதராஸ் ஆளுநர் தோமஸ் மன்றோ 1822இல் தொடக்கிவைத்த விசாரணையின் பெறுபேறுகள் 1826இல் தொகுக்கப்பட்டன. அவற்றின்படி அம்மாகாணத்தில் 12,498 பாடசாலைகளும் 188,650 மாணாக்கரும் இருந்தனர். அம்மாணாக்கருள் 4,540 பேரே பெண்கள். தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மக்களுக்குத் திண்ணை பெரும்பாலும் மூடியே கிடந்தது. நெல்லை விளைவித்தவனின் பிள்ளை நெல்லிலக்கம் கற்கவில்லை. நெல்லை அளந்து பெற்றவனின் பிள்ளை கற்றது. திண்ணைப் பள்ளியின் சிறப்பும் குறையும் இவ்விரு உண்மைகளுள் அடங்கும்.

மதராசிலிருந்து இங்கிலாந்துக்கு

இங்கிலாந்தின் ஆரம்பக் கல்வி வரலாற்றுக்கும் இத்திண்ணைப் பள்ளிக்குமிடையே நேரடித் தொடர்பொன்று உண்டு. மதராசில் 1789இல் தொடங்கப்பட்ட ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பாளராக விளங்கிய அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துக் குருவானவர், உள்ளூர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தமது இல்லத்திற் புகுத்தினார். ஆசிரியர்கள் அதனை ஏற்கத் தயங்கவே, மூத்த மாணாக்கரைக்கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டார். எமது சட்டாம்பிள்ளை முறையை ஒத்த இவ்வேற்பாட்டை அவர் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஜோசேப் லங்காஸ்ரரும் ஏறத்தாழ அதே காலத்தில் இதையொத்த முறையொன்றை இலண்டனில் நடைமுறைப்படுத்தினார். கைத்தொழிற் புரட்சியின் விளைவாக நகரங்களிற் குவிந்த தொழிலாளரின் பிள்ளைகளைக் குறைந்த செலவிற் பயிற்றுவதற்கு இம்முறை பெரிதும் வாய்ப்பாக அமைந்தது.

இப்பரிமாற்றத்தின்போது எடுத்துச்செல்லப்பட்டது எது, விடப்பட்டது எது என்பது சிந்திக்கத்தக்கது. மணற்பலகையும் மாணாக்கத் தலைவனும் கப்பலேறினர். எண்ணையும் எழுத்தையும் வாழ்க்கைத் தொழிலோடு இணைத்த உள்ளடக்கம் கரையிலேயே நின்றுவிட்டது. ஏழைகளின் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கவேண்டியதில்லை என்ற கருத்தைப் பெல் வெளிப்படையாகவே எழுதினார். வேதாகமத்தை வாசிக்கும் அளவுக்கான எழுத்தறிவே தாழ்ந்தோருக்குப் போதுமென்ற வர்க்க நோக்கு அக்கால ஆங்கிலச் சமுதாயத்தில் மேலோங்கி நின்றமையை இது காட்டுகின்றது.

பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை

வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றும் ஏனைய பாடங்களிலிருந்து திட்டவட்டமாகப் பிரிக்கப்பட்டமைக்கு 1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிக்கோவை முக்கிய காரணமாகும். றொபேட் லோ என்பவரின் முயற்சியால் உருவான இவ்விதிக்கோவை, அரசாங்க நன்கொடையை மாணாக்கரின் பரீட்சைப் பெறுபேற்றுடன் பிணைத்தது. ஒழுங்காக வருகைதந்த பிள்ளையொன்றின் பரீட்சைப் பெறுபேற்றுக்காக எட்டு ஷில்லிங் ஒதுக்கப்பட்டது. வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ தவறும் ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் கழிக்கப்பட்டது. மூன்றிலும் தவறிய பிள்ளையினாற் பாடசாலை எட்டு ஷில்லிங்கையும் இழந்தது. கல்வி வரலாற்றில் எண்ணும் எழுத்தும் இத்துணைத் துல்லியமாகப் பணத்தால் அளக்கப்பட்டமை அரிது எனலாம்.

இதன் விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. நன்கொடை பெற்றுத் தராத வரலாறும் புவியியலும் ஒதுக்கப்பட்டன. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் பொருளறியாது மனனஞ் செய்தனர். பாடசாலைப் பரிசோதகராகவும் கவிஞராகவும் விளங்கிய மத்தியூ ஆர்னல்ட் இம்முறையின் இயந்திரத்தன்மையைக் கடுமையாகக் கண்டித்தார். வாசிப்பின் பொருட்டு வாசிப்பைப் பயிற்றுவித்து, வாசித்து அறிவதற்குரிய பொருளைப் பிள்ளைக்கு மறுப்பது வாசிப்பையே அழித்துவிடும் என்பது அவரது கண்டனத்தின் சாரமாகும். 1890களில் இங்கிலாந்து இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது.

இதற்கிடையில் அது குடியேற்ற நாடுகளுக்கும் ஏற்றுமதியாகியிருந்தது. இலங்கையில் 1865இல் நியமிக்கப்பட்ட மோர்கன் குழுவின் சிபாரிசுகளையடுத்து 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதனைத் தொடர்ந்து உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் முறை புகுத்தப்பட்டது. மதராஸ் மாகாணத்தில் திண்ணைப் பள்ளிகளும் இவ்வலையினுட் கொண்டுவரப்பட்டன. மதராசிலிருந்து மணற்பலகையாகப் போன ஒன்று பரிசோதகரின் பதிவேடாகத் திரும்பி வந்தது. வாசிப்புக்கு ஒரு வேளை, எழுத்துக்கு ஒரு வேளை, கணக்குக்கு ஒரு வேளை என நேரசூசி வகுக்கப்பட்டது. முந்திரியும் மாகாணியும் படிப்படியாக வழக்கொழிந்தன. அவற்றினிடத்தில் வந்த பவுணும் ஷில்லிங்கும் பிள்ளையின் வீட்டிலும் வயலிலும் வழங்காத அளவைகளாக இருந்தன.

தோட்டப் பாடசாலையும் செக்றோலும்

இக்குறுகிய கல்வியின் சமுதாயப் பொருளை மலையகத்தில் மிகத் தெளிவாகக் காணலாம். 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. ஆயினும், தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை நெடுங்காலம் ஓராசிரியர் பாடசாலைகளாகவும், தொடக்கநிலை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுடன் முடிவனவாகவுமே இருந்தன. 1970களிலேயே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

அப்பாடசாலைக்கு வெளியே தொழிலாளியின் வாழ்வு முழுவதும் எழுத்தாலும் எண்ணாலும் ஆளப்பட்டது. காலையிற் பிரட்டுக் களத்திற் பெயர் பதியப்பட்டது. பறித்த கொழுந்தின் நிறை குறிக்கப்பட்டது. குறித்த அளவு வேலை முடியவில்லையெனக் கருதப்பட்டால் அரைப்பேர் போடப்பட்டது. செக்றோலிற் கூலியும், கழிக்கப்பட்ட அரிசி விலையும், முற்பணமும் எழுதப்பட்டன. கங்காணியிடம் பட்ட கடன் துண்டு என்னும் சீட்டின் மூலம் தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளியைப் பின்தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே துண்டு முறை ஒழிக்கப்பட்டது. இக்கணக்குகளை எழுதியவர் கணக்கப்பிள்ளை. சரிபார்க்க இயலாதிருந்தவர் தொழிலாளி. கூட்டலும் கழித்தலும் கற்ற பிள்ளைகூடத் தன் பெற்றோரின் சம்பளக் கணக்கை வாசித்து விளங்கிக்கொள்ளும் ஆற்றலைப் பாடசாலையிற் பெறவில்லை. ஏனெனில், பாடசாலைக் கணக்குக்கும் அவ்வேட்டுக்குமிடையே எத்தொடர்பும் ஏற்படுத்தப்படவில்லை. எண்ணறிவும் எழுத்தறிவும் பாடங்களோடும் வாழ்வோடும் இணையாதபோது யாருக்கு நன்மை விளைகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மீளிணைப்பு முயற்சிகள்

பிரிக்கப்பட்டவற்றை மீளவும் இணைக்கும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டில் இரு வழிகளில் எழுந்தன. அவற்றுள் ஒன்று தொழிலை மையமாகக் கொண்டதாகும். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம், நூல் நூற்றல் போன்ற கைத்தொழிலொன்றின் வாயிலாகவே மொழியும் கணக்கும் சமூக அறிவும் கற்கப்படல் வேண்டுமென்றது. அத்திட்டத்தைச் செயற்படுத்திய அமைப்பின் செயலாளராகச் சேவாக்கிராமத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர் யாழ்ப்பாணத்திற் பிறந்த இ. டபிள்யூ. ஆரியநாயகம் ஆவார். இலங்கையிலும் கன்னங்கராவின் காலத்தில், 1932இல் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமக் கல்வித் திட்டம் கிராம வாழ்க்கையைச் சுற்றிப் பாடங்களை இணைக்க முயன்றது.

மற்றையது மொழியையும் எண்ணையும் எல்லாப் பாடங்களின் கருவிகளாகக் கருதும் வழியாகும். இங்கிலாந்தில் ஜோர்ஜ் சம்சன் 1921இல் எழுதிய நூலிலேயே, ஆங்கிலத்திற் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரே என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. எண்ணறிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், எழுத்தறிவைக் குறிக்கும் சொல்லின் மறுபிம்பமாக, 1959இல் வெளிவந்த குறௌதர் அறிக்கையிலேயே ஆக்கப்பட்டது. விஞ்ஞானம் பயில்வோர் எழுத்தாற்றலின்றியும் கலைத்துறை பயில்வோர் அளவைச் சிந்தனையின்றியும் வெளியேறுவது அவ்வறிக்கையின் கவலையாக இருந்தது. 1975இல் வெளிவந்த புல்லக் அறிக்கை, ஒவ்வொரு பாடசாலையும் எல்லாப் பாடங்களையும் தழுவிய மொழிக் கொள்கையொன்றை வகுத்துக்கொள்ளல் வேண்டுமென்றும், அதில் எல்லா ஆசிரியருக்கும் பங்குண்டென்றும் வலியுறுத்தியது. 1982இல் வெளியான கொக்ரொவ்ற் அறிக்கையோ அன்றாட வாழ்வில் எண்களைத் தயக்கமின்றிக் கையாளலையும், வரைபு, அட்டவணை முதலியவற்றில் தரப்படும் செய்தியை விளங்கிக்கொள்ளலையும் எண்ணறிவின் கூறுகளாகக் கண்டது.

இக்கருத்துக்கள் பரவலான வரவேற்பைப் பெற்றபோதிலும் நடைமுறையில் அவை முழுமையாக வேரூன்றவில்லை. எல்லா ஆசிரியரின் பொறுப்பாக உள்ள ஒன்று எவருடைய பொறுப்புமாகாது போய்விடுதல் உண்டு. அதே இங்கிலாந்தில் 1998இல் எழுத்தறிவுக்கென நாள்தோறும் ஒரு மணித்தியாலமும், 1999இல் எண்ணறிவுக்கென நாள்தோறும் ஒரு பாடமும் ஆரம்பப் பாடசாலைகளில் வகுக்கப்பட்டன. அத்திட்டங்கள் 2011இல் முடிவுற்றன. திருத்திய விதிக்கோவையின் காலத்துக்கும் இதற்கும் பெருத்த வேறுபாடுகள் உள. எனினும், பெறுபேற்றை அளந்துகாட்டும் நெருக்குதல் மிகும்போதெல்லாம் எண்ணும் எழுத்தும் தனிவேளைகளுள் மீண்டும் ஒதுங்க முற்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

தாய்மொழிமூலக் கல்வியும் பாட ஆசிரியரும்

எமது நாட்டில் இப்பிரச்சினை தனித்ததொரு வடிவத்தைப் பெற்றது. 1945இல் இலவசக் கல்வியுடன் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1950களில் இடைநிலை வகுப்புகளுக்கும் அது படிப்படியாக விரிந்தது. ஆங்கிலம் அறிந்த சிறுபான்மையினரின் உடைமையாக இருந்த விஞ்ஞானமும் கணிதமும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடியனவாயின. இம்மாற்றத்தின் முற்போக்கான தன்மை ஐயத்துக்கிடமற்றது. இப்பணிக்கு முன்னோடிகளும் இருந்தனர்; மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார்.

தாய்மொழிமூலக் கல்வி வந்தபோது எமது புலமையாளரின் கவனம் பெருமளவு கலைச்சொல்லாக்கத்தின்பாற் சென்றது. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் அளப்பரிய தொண்டாற்றின. ஆயினும், கலைச்சொல் ஆக்கப்பட்டதும் மொழிப்பணி முடிந்துவிட்டதென்ற எண்ணமும் உடன் தோன்றியது. பிள்ளை தாய்மொழியிற் கற்கின்றது, எனவே மொழி ஒரு தடையாக இராது என்று கொள்ளப்பட்டது. பாடத்தின் மொழி வீட்டின் மொழியன்று என்பது மறக்கப்பட்டது.

சில எடுத்துக்காட்டுக்களால் இதனை விளக்கலாம். சந்தையில் நிறை என்ற சொல்லை அறிந்த பிள்ளை, பௌதிகவியலில் திணிவும் நிறையும் வேறென அறியவேண்டியுள்ளது. நாள் முழுவதும் சுமையைத் தோளில் தாங்கி நிற்பவன் வேலை செய்யவில்லையெனப் பௌதிகவியல் கூறும்போது, உழைப்பாளியின் மகனுக்கு அச்சொல் புதிராகவே தோன்றும். இவ்வேறுபாட்டைத் தமிழாசிரியர் விளக்க இயலாது. விஞ்ஞான ஆசிரியர்தான் விளக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆண்டுகள் பதினெட்டு என்ற எண்ணுடன் தொடங்குவதேன் என்பது எண்ணறிவு சார்ந்த வினா; அது எழுவது வரலாற்று வகுப்பில். படத்தின் அளவுத்திட்டத்தைக்கொண்டு இரு ஊர்களுக்கிடையேயுள்ள தூரத்தைக் காண்பதும், சமவுயரக் கோடுகளின் நெருக்கத்திலிருந்து சரிவை உணர்வதும் புவியியல் வகுப்பிற் கற்கவேண்டிய கணிதமாகும். 'பத்திலும் மூன்று குறைந்தது', 'பத்தில் மூன்று பங்கு' என்னும் தொடர்களின் வேறுபாட்டை உணராத பிள்ளை கணக்கிற் பிழைவிடும்போது, அப்பிழை வாசிப்பிலா கணிப்பிலா நேர்ந்தது என்பதைக் கணித ஆசிரியரே கண்டறிதல் வேண்டும்.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இத்திசையில் ஒரு முக்கிய எத்தனமாகும். ஒன்றிணைந்த விஞ்ஞானம், சமூகக்கல்வி, யாவருக்கும் கட்டாயமான கணிதம், தொழில் முன்னிலைப் பாடங்கள் ஆகியவற்றைக் கொண்ட பொதுப் பாடவிதானம் கீழ் இடைநிலை வகுப்புகளிற் புகுத்தப்பட்டது. தொழில் முன்னிலைப் பாடங்கள் மீன்பிடி, பயிர்ச்செய்கை, மட்பாண்டத் தொழில் போன்ற உள்ளூர்த் தொழில்களைப் பிள்ளைகள் நேரிற் கண்டு, விபரம் திரட்டி, கணக்கிட்டு எழுதுவதற்கு வாய்ப்பளித்தன. எண்ணையும் எழுத்தையும் தொழிலறிவையும் ஒருசேரக் கற்பதற்கான களம் அங்கு இருந்தது. ஆயினும், ஆசிரியர் பயிற்சியும் சாதனங்களும் போதாதிருந்தன. உடலுழைப்பைத் தாழ்வாக எண்ணிய பெற்றோர் இப்பாடங்களை ஐயத்துடன் நோக்கினர். 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தைத் தொடர்ந்து இச்சீர்திருத்தத்தின் முக்கிய கூறுகள் கைவிடப்பட்டன. திட்டத்தின் குறைபாடுகள் ஆராயப்பட்டுத் திருத்தப்படுவதற்கு முன்னரே அது அகற்றப்பட்டமை கவலைக்குரியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். எண்ணும் எழுத்தும் பாடங்களோடு இணைந்திருந்த திண்ணைப் பள்ளியில் அக்கல்வி பெரும்பான்மையோருக்கு மறுக்கப்பட்டது. கல்வி பெரும்பான்மையோருக்கு விரிந்தபோதோ எண்ணும் எழுத்தும் பாடங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, மலிவானதொரு அளவுக்குக் குறுக்கப்பட்டன. ஆழம் இருந்தவிடத்துப் பரப்பு இல்லை. பரப்பு வந்தவிடத்து ஆழம் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதே இலவசக் கல்வி எம்முன் வைத்த, இன்றுவரை முற்றுப்பெறாத பணியாகும்.

இப்பணி ஆசிரியரின் நல்லெண்ணத்தால் மாத்திரம் நிறைவேறக்கூடியதன்று. ஆசிரியர் பயிற்சியில் ஒவ்வொரு பாடத்துக்குமுரிய மொழியும் அளவைத் திறனும் அப்பாடத்தின் பகுதியாகவே இடம்பெறுதல் வேண்டும். ஒரே வகுப்புக்குக் கற்பிக்கும் வெவ்வேறு பாட ஆசிரியர்கள் கூடிப்பேசுவதற்கு நேரசூசியில் இடமளிக்கப்படல் வேண்டும். பரீட்சை வினாக்கள் நினைவாற்றலை மட்டுமன்றி, ஒரு பந்தியையோ அட்டவணையையோ வாசித்து முடிவுக்கு வரும் ஆற்றலையும் சோதித்தல் வேண்டும். நகரத்துப் பிள்ளை இவ்வாற்றலிற் சிறிதளவையேனும் வீட்டில் பெற்றுவிடக்கூடும். தோட்டத்திலும் கரையோரக் கிராமத்திலும் முதல் தலைமுறையாகப் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்குப் பாடசாலையன்றி வேறிடமில்லை.

எழுத்தறிவு பிறர் எழுதியதற்குக் கீழ்ப்படியவும் பயன்படலாம். அதனை வினவவும் பயன்படலாம். எண்ணறிவு பிறர் இட்ட கணக்கை ஏற்கவும் பயன்படலாம். அதனைச் சரிபார்க்கவும் பயன்படலாம். எமது பாடசாலை இவற்றுள் எதற்குப் பிள்ளையை ஆயத்தம் செய்கின்றது என்பதை மொழிப் பாடத்தையும் கணிதப் பாடத்தையும் மட்டும் பார்த்துக் கூறிவிட முடியாது. எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் எல்லா ஆசிரியரும் விடைகாண வேண்டிய வினா அதுவாகும்.